பழைய அவுட்போர்டு மோட்டாருக்குச் சரியான மேனுவலைக் கண்டுபிடிப்பது எப்படி? மலையில் வேலை பார்ப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் ஃபோனை எடுத்து "40 எச்பி யமஹா மேனுவல்" என்று தேடுகிறார்கள். ஏதோ ஒரு பிடிஎஃப் வருகிறது. அதை நம்பி ஸ்பேனரை எடுக்கிறார்கள். பாதி பிரித்த பிறகு, படத்தில் இருக்கும் கார்புரேட்டர் வேறு, கையில் இருப்பது வேறு என்று தெரிய வருகிறது. அதற்குள் நாலு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய வளையம்) எந்தப் பக்கம் இருந்தது என்பது மறந்துபோயிருக்கும்.

நீலகிரியில் இந்த மோட்டார்கள் பல வழியில் வந்து சேர்கின்றன. படகு இல்லத்தில் கழித்துப் போட்டவை, எஸ்டேட் ஸ்டோர் ரூமில் சாக்குக்கு அடியில் கிடந்தவை, கடற்கரையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி லாரியில் ஏற்றி வந்தவை. எதற்கும் புத்தகம் கூட வராது. நாம்தான் தேட வேண்டும். தேடுவதில் வரிசை முக்கியம்: மோட்டார் எது என்று உறுதி செய்வது, பிறகு உதிரிபாகப் படம், பிறகு சர்வீஸ் மேனுவல், பிறகு அந்த மேனுவலை மோட்டாரோடு ஒத்துப் பார்ப்பது. போல்ட்டில் கை வைப்பது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

1. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், டார்ச், மெல்லிய வெள்ளைத் தாள், பென்சில், வெர்னியர் காலிபர், பிளக் கழற்றும் ஸ்பேனர், ஒரு நோட்டு. மோட்டாரை ஒரு ஸ்டாண்டில் நிமிர்த்தி மாட்டி வையுங்கள். தரையில் படுக்க வைத்துக்கொண்டு எண்ணைப் படிக்க முயன்றால் பாதி எண் கிளாம்புக்குப் பின்னால் மறைந்துவிடும்.

நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். ஒவ்வொரு எண்ணையும் எங்கே பார்த்தோம் என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். பிறகு இரண்டு எண்கள் முரண்பட்டால் எதை நம்புவது என்று முடிவு செய்ய அதுதான் உதவும்.

2. மேல்மூடியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

மேல்மூடியின் ஸ்டிக்கரில் "40" என்று இருந்தால் அது 40 எச்பி மோட்டார் என்று அர்த்தமில்லை. மூடிதான் முதலில் உடையும், முதலில் மாற்றப்படும். ஒரே அளவுள்ள மூடி இரண்டு மூன்று மாடல்களுக்குப் பொருந்தும். கூடலூரிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த மோட்டாரில் மூடி ஒரு வருஷத்தது, என்ஜின் வேறு வருஷத்தது, கியர் ஹவுசிங் மூன்றாவது ஒன்று. மூன்று மோட்டார்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தார்கள். அப்படிப்பட்டதற்கு ஒரே மேனுவல் போதாது. ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் புத்தகம் வேண்டும்.

நம்ப வேண்டியது கிளாம்பில், அதாவது படகின் பின்பலகையில் மாட்டும் பகுதியில், ஆணியடித்து ஒட்டிய சின்னத் தகட்டை. மாடலும் வரிசை எண்ணும் அதில்தான் இருக்கும்.

கடற்கரையிலிருந்து வந்த மோட்டாரில் அந்தத் தகடு உப்பு பூத்து வெள்ளையாக இருக்கும். உடனே எமரி தாளை எடுத்துத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இழுப்பில் எண் போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். அப்படியும் படிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்து பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். 3-ஆ 8-ஆ என்ற சந்தேகம் பெரும்பாலும் இதில் தீர்ந்துவிடும்.

3. தகடே இல்லாவிட்டால்

ஜான்சன், எவின்ரூட், மெர்குரி மோட்டார்களில் என்ஜின் பிளாக்கில் அடித்து இறக்கிய வட்டமான உலோக மூடி ஒன்றைத் தேடுங்கள். பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைப் போல இருக்கும். அதில் எண் குத்தியிருப்பார்கள். பெயின்ட் அடித்து மறைந்திருந்தால் தின்னர் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள்.

யமஹாவில் வேறு வழி உண்டு. அந்த நிறுவனத்தின் பாக எண்கள் மூன்று எழுத்துக் குறியீட்டில் தொடங்கும். 66டி என்று தொடங்கினால் எண்டியூரோ 40எக்ஸ், 63வி என்று தொடங்கினால் 15 எச்பி வகை. இந்தக் குறியீட்டை வார்த்தெடுத்த பாகங்களிலும் காயில் போன்ற மின்பாகங்களிலும் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சின்னச் சின்னப் பாகங்களைப் பல மாடல்களுக்குப் பொதுவாகப் போடுவார்கள். ஒரு பிராக்கெட்டில் இருக்கும் குறியீட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. சிலிண்டர் பிளாக், கார்புரேட்டர், கியர் ஹவுசிங் என்று பெரிய பாகங்களில் பார்த்து எழுதுங்கள்.

4. கிடைத்த எண்ணைப் பிரித்துப் படிப்பது

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. அது தெரியாமல் தேடினால் வருஷம் தவறிவிடும்.

ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயர்கள். பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான் வேறு. அதனால் ஜான்சன் மேனுவல் கிடைக்காவிட்டால் அதே வருஷத்து எவின்ரூட் மேனுவலைத் தேடலாம். 1980 முதல் வந்த மாடல்களில் வருஷத்தை இரண்டு எழுத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். "இன்ட்ரொட்யூசஸ்" (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளை வரிசையாக எழுதி, முதல் ஒன்பதுக்கு 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்துக்கு 0-வும் கொடுங்கள். தகட்டில் ஜே-40-இ-எல்-சி-யு-ஏ என்று இருந்தால்: ஜே என்பது ஜான்சன், 40 எச்பி, இ என்பது எலெக்ட்ரிக் ஸ்டார்ட், எல் என்பது நீளமான ஷாஃப்ட், சி எட்டாவது எழுத்து, யு ஏழாவது எழுத்து. ஆக 1987. கடைசி ஏ திருத்தத்தைக் குறிக்கும் எழுத்து. அதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், பாகப் பட்டியலில் கேட்பார்கள்.

மெர்குரியில் வருஷத்தைத் துரத்த வேண்டாம். அவர்களுடைய பட்டியல்கள் வரிசை எண்ணை வைத்துப் பிரிக்கப்பட்டவை. இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை ஒரு புத்தகம் என்று இருக்கும். பழைய மெர்க் மாடல் பெயரில் உள்ள எண் எச்பி அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். மெர்க் 500 என்றால் 50 எச்பி, மெர்க் 110 என்றால் 9.8 எச்பி.

சுசுகி தகட்டில் ஐந்து இலக்க மாடல் எண், ஒரு கோடு, பிறகு வரிசை எண் என்று வரும். முன்னால் உள்ள ஐந்து இலக்கம் இல்லாமல் தேடினால் பயனில்லை.

யமஹாவில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இரண்டு. ஒன்று, கெரசின் மோட்டார். நம் கடற்கரையில் ஓடியவற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் வகை நிறைய. மாடல் பெயர் இ-கே என்று தொடங்கினால் அது கெரசின் வகை. கம்ப்ரெஷன் வேறு, எரிபொருள் வழி வேறு, மேனுவலும் வேறு. இரண்டு, அமெரிக்கப் புத்தகங்கள். யமஹா அமெரிக்காவில் அவுட்போர்டு விற்கத் தொடங்கியதே 1984-ல்தான். எண்டியூரோ வகைகள் ஆசியா, ஆப்பிரிக்கா பக்கம் விற்றவை. அமெரிக்கப் பதிப்பில் அவற்றைத் தேடினால் கிடைக்காது, கிடைத்ததுபோல் தெரிந்தாலும் அது வேறு மோட்டாராக இருக்கும்.

சொந்தக்காரர்களையும் தெரிந்து வைத்துக்கொண்டால் தேடல் சுலபம். நிஸ்ஸான் பெயரில் வந்த அவுட்போர்டுகளைச் செய்தது டோஹாட்ஸு. பழைய மேரினர் மோட்டார்களில் பல யமஹா தயாரிப்பு. ஒரு பெயரில் மேனுவல் இல்லையென்றால் இன்னொரு பெயரில் தேடுங்கள்.

இன்னொரு குழப்பம், எச்பி கணக்கு. 80-களின் நடுவில் பல நிறுவனங்கள் என்ஜினில் அளந்த எச்பியை விட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டில் அளந்த எச்பிக்கு மாறின. அதனால் ஏறக்குறைய ஒரே என்ஜின் இரண்டு வருஷத்தில் இரண்டு எண்ணோடு வந்திருக்கும்.

5. எந்தப் புத்தகம் வேண்டும் என்று தெரிந்து தேடுங்கள்

ஓனர்ஸ் மேனுவல் என்பது ஓட்டுபவருக்கு. எப்படி ஸ்டார்ட் செய்வது, எண்ணெய் எவ்வளவு கலப்பது, பிளக் எது. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான், ரிப்பேருக்கு அது போதாது. பக்கம் குறைவாக இருந்து, பாதுகாப்பு எச்சரிக்கைகள் அதிகமாக இருந்தால் அது ஓனர்ஸ் மேனுவல்.

உதிரிபாகப் பட்டியலைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன். ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் பரப்பி வரைந்த படம், ஒவ்வொரு பாகத்துக்கும் எண். எந்த வாஷருக்குப் பிறகு எந்த ஷிம், ஆயில் சீல் எத்தனை என்பது படத்திலேயே தெரியும். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பையனும் படத்தைப் பார்த்து வரிசையாகக் கோர்த்துவிடுவான். பெரிய நிறுவனங்களின் பட்டியல்களைப் பாகம் விற்பவர்கள் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள், பாகம் விற்றால்தானே அவர்களுக்கு வருமானம்.

சர்வீஸ் மேனுவல் என்பது நிறுவனம் தன் மெக்கானிக்குகளுக்காக எழுதியது. டைட் செய்யும் அளவு, இடைவெளி அளவு, தேய்மான எல்லை, காயில் ரெசிஸ்டன்ஸ், வயரிங் படம் எல்லாம் இதில்தான். கடைசியில் தேட வேண்டியது க்ளைமர், செலாக் போன்ற வெளிப் பதிப்பகங்களின் புத்தகங்கள். ஒரே புத்தகத்தில் பல வருஷம், பல எச்பி அடங்கும். விளக்கம் நன்றாக இருக்கும். ஆனால் படத்தில் இருப்பது உங்கள் மோட்டாராக இருக்க வேண்டியதில்லை. அளவுக்கு நிறுவன மேனுவல், செய்முறைக்கு இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. எங்கே, எந்த வரிசையில் தேடுவது

முதலில் நிறுவனத்தின் சொந்த இணையதளம். அடுத்து பாகம் விற்பவர்களின் பட்டியல். மூன்றாவது, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொது நூலகங்கள். பழைய மேனுவல்களை ஸ்கேன் செய்து அங்கே ஏற்றியிருக்கிறார்கள். தேடும்போது எச்பியைப் போடாதீர்கள், முழு மாடல் எண்ணோடு "சர்வீஸ் மேனுவல்" என்று ஆங்கிலத்தில் போடுங்கள். வரவில்லையென்றால் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

ஜான்சன், எவின்ரூட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அவற்றைச் செய்த ஓஎம்சி நிறுவனம் 2000-ல் திவாலானது. பம்பார்டியர் வாங்கி நடத்தி, 2020-ல் எவின்ரூட் தயாரிப்பும் நின்றுவிட்டது. அதனால் ஷோரூமில் கேட்டுப் பயனில்லை. பழைய அச்சுப் புத்தகம், ஸ்கேன், வெளிப் பதிப்பகம், இந்த மூன்றுதான்.

காசு கேட்கும் தளங்களில் கவனம். இலவசமாகக் கிடைக்கும் அதே ஸ்கேனை அட்டை மாற்றி விற்பவர்கள் உண்டு. பொருளடக்கப் பக்கத்தையும் உள்ளே ஒரு பக்கத்தையும் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். இறக்கிய கோப்பு பிடிஎஃப் ஆக இல்லாமல், இயக்கச் சொல்லிக் கேட்கும் கோப்பாக இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். நிறுவனமே இன்னும் விற்கும் புத்தகமாக இருந்தால் அதை வாங்கிவிடுவதுதான் நல்லது. வயரிங் படம் தெளிவாக இருக்கும், மங்கலான ஸ்கேனில் நிறக் குறியீடு படிக்க முடியாமல் காயிலை எரிப்பதைவிட அது லாபம்.

அப்புறம் மனிதர்கள். ஊட்டி ஏரி, பைக்காரா படகு இல்லங்களில் மோட்டார் படகு பார்ப்பவர்களிடம் கேளுங்கள். மேலே இல்லாவிட்டால் கடற்கரைதான். கூடலூர், நாடுகாணி வழியாக இறங்கினால் கோழிக்கோட்டுப் பக்கம் பேப்பூர். நம் பக்கம் என்றால் தூத்துக்குடி, ராமேஸ்வரம். தினமும் இந்த மோட்டார்களைப் பிரிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெறுங்கையோடு "அண்ணே, மேனுவல் இருக்கா?" என்று கேட்காதீர்கள். தகட்டின் படம், பாகப் படத்தில் சந்தேகம் உள்ள இடத்தைச் சுற்றி வட்டமிட்ட அச்சு, இரண்டையும் கொண்டு போங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் அவர்கள் தங்களிடம் இருக்கும் கிரீஸ் படிந்த புத்தகத்தை எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளவும் விடுவார்கள்.

7. மேனுவலை மோட்டாரோடு ஒத்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அரை மணி நேர வேலை, எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

பேட்டரி இருந்தால் வயரைக் கழற்றுங்கள். கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்துவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றுங்கள். முதலில் கண்ணால்: சிலிண்டர் எத்தனை, கார்புரேட்டர் எத்தனை, பிளாட்டினம் பாயிண்டா, பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷனான சிடிஐ-யா, பிளக் எண் எது.

அடுத்து ஸ்ட்ரோக். பிளக் ஓட்டை பிஸ்டனுக்கு நேராக இருந்தால் வழுவழுப்பான மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே விட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக வலப்பக்கம் சுற்றுங்கள். குச்சி மிக மேலே வரும்போது ஒரு கோடு, மிகக் கீழே போகும்போது ஒரு கோடு. இடைவெளிதான் ஸ்ட்ரோக். குச்சி சாய்ந்து மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்டியூரோ 40எக்ஸ் என்றால் 70 மில்லிமீட்டர் வர வேண்டும். அதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 80, இரண்டு சிலிண்டர், மொத்தம் 703 சிசி. உங்களுக்கு 61 வந்தால் கையில் இருப்பது வேறு என்ஜின், மூடியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பிறகு கியர் விகிதம். ஃபார்வர்டு கியரில் போட்டு, புரொப்பல்லரில் ஒரு இறக்கைக்குச் சாக்பீஸ் குறியிடுங்கள். ஃப்ளைவீலைச் சுற்றுங்கள், புரொப்பல்லர் பத்துச் சுற்று வரும்வரை எண்ணுங்கள். புத்தகம் 2.00 என்று சொன்னால் ஃப்ளைவீல் இருபது சுற்று வந்திருக்க வேண்டும். ஒரு சுற்றை மட்டும் எண்ணினால் சின்ன வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பத்து. இதில் பொருந்தாவிட்டால் கியர் ஹவுசிங்கை யாரோ மாற்றியிருக்கிறார்கள். என்ஜினுக்கு இந்த மேனுவல் சரி, கீழ்ப்பகுதிக்கு வேறு ஒன்று தேட வேண்டும்.

8. புத்தகத்தின் எண்கள் கடல்மட்டத்துக்கானவை

மலையில் வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். மேனுவல் எழுதியவர்கள் கடல்மட்டத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

முதலில் கம்ப்ரெஷன். கடற்கரையில் 120 பிஎஸ்ஐ காட்டும் நல்ல மோட்டார், ஊட்டியில் 90-க்குப் பக்கத்தில்தான் காட்டும். புத்தகத்தைப் பார்த்து "ரிங் போச்சு" என்று முடிவு கட்டி, நல்ல என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம். 10 சதவீதத்துக்கு மேல் போனால்தான் கவலை.

அடுத்து ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள பாகம். காற்று மெலிந்திருப்பதால் அதே மெயின் ஜெட்டில் பெட்ரோல் விகிதம் கூடிவிடுகிறது. பிளக் கறுப்பாகும், புகை வரும், முழு வேகம் எட்டாது. இதைப் பார்த்து எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று நினைத்து எண்ணெயைக் குறைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயைக் குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குறைக்க வேண்டியது ஜெட்டின் அளவை. மேனுவல் தேடும்போதே உயரத்துக்கான ஜெட் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். சில மேனுவல்களில் கார்புரேட்டர் பகுதியில் இருக்கும், சிலவற்றில் தனி சர்வீஸ் அறிவிப்பாக வந்திருக்கும். இரண்டு மேனுவல் கிடைத்து ஒன்றில் மட்டும் இந்த அட்டவணை இருந்தால், நமக்கு அதுதான் புத்தகம்.

புரொப்பல்லர் அட்டவணையையும் விடாதீர்கள். இந்த உயரத்தில் மோட்டாரின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். முழு த்ராட்டிலில் புத்தகம் சொல்லும் ஆர்பிஎம் வராவிட்டால் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைவான புரொப்பல்லர் போட வேண்டும்.

9. அளவுகளை மாற்றி எழுதுவது

அமெரிக்க மேனுவல்களில் டைட் அளவு ஃபுட் பவுண்டிலும் இன்ச் பவுண்டிலும் கலந்து வரும். 12 இன்ச் பவுண்டு சேர்ந்தால் ஒரு ஃபுட் பவுண்டு. ஒரு ஃபுட் பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். 70 இன்ச் பவுண்டு என்பது எட்டு நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. அதை ஃபுட் பவுண்டு என்று படித்து இறுக்கினால் 95 வந்துவிடும், சின்ன போல்ட் அலுமினியத்துக்குள்ளேயே முறிந்து நிற்கும். அச்சிட்ட தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நியூட்டன் மீட்டரைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். வேலை நடுவில் கணக்குப் போடக் கூடாது.

எண்ணெய்க் கலவை: 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கேலன் கணக்கைத் தொடவே வேண்டாம், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. 80-களின் நடுவில் வந்த சில ஜான்சன், எவின்ரூட் புத்தகங்களில் 100-க்கு 1 என்று இருக்கும். பிறகு அந்த நிறுவனமே 50-க்கு 1-க்குத் திரும்பிவிட்டது. பழைய பக்கத்தை அடித்துத் திருத்தி வையுங்கள்.

10. பட்டறைக்கு ஏற்றபடி தயார் செய்வது

முழு மேனுவலையும் அச்சிட வேண்டாம். டைட் அளவு, இடைவெளி அளவு, வயரிங் படம், வாட்டர் பம்ப், கியர் ஹவுசிங், கார்புரேட்டர். இவை போதும். ஊட்டி ஈரத்தில் சாதாரணத் தாள் ஒரு மழைக்காலம் தாங்காது, பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்துவிடுங்கள். வயரிங் படத்தை மட்டும் கலரில், ஏ3 அளவில் எடுங்கள்.

முழுக் கோப்பை ஃபோனிலேயே சேமித்து வையுங்கள். அவலாஞ்சி, பைக்காரா பக்கம் சிக்னலை நம்பி இணையத்தில் திறந்து பார்க்க முடியாது.

படகு இல்லத்துக்கோ அணைப் பகுதிக்கோ மோட்டாரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க அனுமதி வேண்டும். அதனால் சோதனை ஓட்டம் பெரும்பாலும் பட்டறை டிரம்மில்தான். தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்க வேண்டும், புரொப்பல்லரைக் கழற்ற வேண்டுமா என்பதும் மேனுவலில் இருக்கும். அந்தப் பக்கத்தையும் அச்சிடுங்கள்.

முதல் தாளில் மோட்டாரின் முழு மாடல் எண், வரிசை எண், எந்தப் பகுதிக்கு எந்த மேனுவல், முன்பு இருந்த ஜெட் எண், இப்போது போட்ட ஜெட் எண் எல்லாவற்றையும் எழுதி, பழைய ஜெட்டை ஒரு சின்னக் கவரில் போட்டு அந்தத் தாளோடு பின் செய்து வையுங்கள். ஊட்டிக்காக ஜெட்டைக் குறைத்த மோட்டாரை யாராவது வாங்கி மேட்டூருக்கோ கடற்கரைக்கோ கொண்டுபோய் அப்படியே ஓட்டினால், பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டனில் ஓட்டை விழும். விற்கும்போது தாளையும் கவரையும் மோட்டாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.